வேண்டாம் என்ற வேந்தர்

கிடைக்காத பதவியை வெறுப்பது எளிது. வீடு தேடி வந்த பதவியை மறுப்பதோ அரிது! அதைச் செய்து காட்டியவர் வெள்ளுடை வேந்தர் தியாகராயர்.

டாக்டர் நடேசனார், டாக்டர் நாயர் ஆகியோருடன் 1916-ல் நீதிக் கட்சியைத் தோற்றுவித்தார். 1920 தேர்தலில் கட்சி வென்றது. மந்திரிசபை அமைக்க கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரைத்தான் அழைத்தார். அவரோ மறுத்தார்; சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். மறு ஆண்டு ரெட்டியார் உடல்நலங்குன்றி விலகினார். அப்போதும் அந்த நாற்காலி பனகல் அரசருக்கே சென்றது.

மந்திரியாகாமலே 1925-ல் மறைந்தார் தியாகராயர். ஆனால் மந்திரிகளுக்கும் அவரே தலைவர்!

தோழர்களே! கொடி பிடிக்கும் நாம், பட்டியலில் நம் பெயர் இல்லையென்றால் முகம் சுளிக்கிறோமா? தியாகராயர் பெயரைச் சொல்லுமுன், நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.