நாடு போன ராஜாவும் 360 சீட்டும்

டிராகன், விண்கலம்னு பெட்டி பெட்டியா போர்டு கேம் சேர்த்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல டிரெய்னிங் முடிச்சு வந்த அலுப்புலயும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுற நம்ம ஹாஸ்டல் கூட்டத்துக்கு ஒரு சீனியர் உண்டு: மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்.

1794-ல் பிறந்தார். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், அஞ்சு வயசுல அரியணை. 1831-ல் நிர்வாகம் சரியில்லைன்னு ஆங்கிலேயர் ஆட்சியைக் கையில் எடுத்துக்கிட்டாங்க. அரண்மனை உண்டு, ஆள நாடு இல்லை.

ஆனா மனுஷனுக்கு விளையாட்டுன்னா உயிர். கஞ்சிஃபா என்ற பழைய சீட்டாட்டத்தை எடுத்து, தெய்வங்களை வச்சுப் புதுப்புது ஆட்டங்களா விரிச்சார். சின்ன ஆட்டத்துக்கு 36 சீட்டு, பெரிய ஆட்டத்துக்கு 360! (கலைச்சுப் போடவே ஒரு பீரியட் ஆகும்.) அவர் தொகுத்த ஸ்ரீதத்வநிதியில் இந்த ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தார்.

சதுரங்கக் குதிரையை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒருமுறை நிறுத்தி முழுப் பலகையையும் சுத்துற புதிர் இருக்கே, நாம லேப்ல பேக்டிராக்கிங் புரோகிராம் எழுதினோமே, அதை அவர் கையாலேயே போட்டார். அதுவும் 12-க்கு 12 பலகையில். குதிரை போன வரிசையில் எண் எழுதினா, எந்த வரிசையைக் கூட்டினாலும், எந்த நெடுக்கைக் கூட்டினாலும் 870.

பொழுதுபோகாத ராஜான்னு ஒதுக்கிடலாம்தான். எனக்கு அப்படித் தோணலை. நாட்டைத் திருப்பிக் கேட்கிறதையும் அவர் விடவே இல்லை. 1868-ல் இறந்தார். 1881-ல் ஆங்கிலேயர் மைசூரைத் திருப்பிக் கொடுத்தப்ப, வாங்கிக்கிட்டது அவரோட வளர்ப்பு மகன்.