என் மண்டை ஓட்டைக் காணோம்! காஞ்சி ராஜா எழுதின 'த்ரில்லர்'

காஞ்சிபுரம்னா பட்டுச்சேலை, கோயில்தானே ஞாபகம் வரும்? 1,400 வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஆண்ட பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மனுக்கு வேற ஒண்ணு தோணுச்சு... மனுஷ மண்டை ஓடு!

பாறையைக் குடைஞ்சு மண்டகப்பட்டில் கோயில் அமைச்ச அதே ராஜா, சமஸ்கிருதத்தில் எழுதிய நாடகம்தான் 'மத்தவிலாசப் பிரகசனம்'. மண்டை ஓட்டில் பிச்சை வாங்கி, அதிலேயே மது குடிக்கும் காபாலிகர் ஒருத்தர், போதையில் அதைத் தொலைச்சிடுறார். காஞ்சித் தெருவெல்லாம் தேடுறார். பழி ஒரு புத்த பிக்கு மேல விழுது. கடைசியில பார்த்தா, தூக்கிட்டுப் போனது ஒரு நாய்!

பேய்க்கதை ஆகவேண்டியதை ராஜா காமெடி ஆக்கிட்டார். அதுக்குள்ள ஒரு ஊசியும் இருக்கு. வழக்குப் போடலாம்னா, மடத்துப் பணம் அதிகாரிகள் வாயை அடைச்சிடுமேன்னு காபாலிகரின் துணைவி பயப்படுறா. தன் ஊர் நீதிமன்றத்தையே கிண்டலடிக்க எந்த ராஜாவுக்குத் தைரியம் வரும்?

பல்லவ மன்னரைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியவெச்சதா, சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டு 634-ல் பெருமை பேசுது. அந்தப் பெருமை கல்லோடு நின்னுபோச்சு. மகேந்திரவர்மனின் காபாலிகரோ, கேரளக் கோயில்களில் கூத்தா இன்னமும் மேடை ஏறுறார்!