251 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர்

ஒரே டொமைன். பாதிப் பேரோட மெயில் பெட்டி நம்ம லேப் சர்வர்ல, மீதிப் பேரோடது வெளியே காசு கட்டி எடுத்த ஹோஸ்டிங்ல. எதிர் சீட்டு நண்பனுக்கு மெயில் போட்டா ஒரு நொடியில போகுது. ஆபீஸ்ல இருக்கிறவருக்குப் போட்டா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு நம்ம சர்வரே திருப்பி அடிக்குது. அந்த டொமைன் முழுக்கத் தன்னோடதுன்னு அது நினைச்சிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான் விஷயம். சொந்தமா மெயில் சர்வர் ஏத்திப் பார்த்தவங்க பல பேர் இந்த இடத்துல முட்டியிருப்பாங்க.

ஆள் தன்னிடம் இல்லை, ஆனால் இருக்கும் இடம் தெரியும், தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று ஒரு சர்வர் சொல்வதற்கு எஸ்.எம்.டி.பி.யில் தனியாக ஒரு பதில் எண் உண்டு: 251. இடம் தெரியும், ஆனால் நீயே அங்கே அனுப்பிக்கோ என்றால் 551. முகவரியை வெளியே காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் வெறும் 250 சொல்லிவிட்டு அமைதியாகத் தள்ளிவிடுகின்றன. ஆனால் இந்த நிலைமை வரும் என்று யோசித்து 1982-லேயே அதை எழுதி வைத்தவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஆல்டடீனாவில் பிறந்தவர். படித்தது வான் நைஸ் உயர்நிலைப் பள்ளி. விண்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் இருவரும் அதே பள்ளிதான். பிறகு யு.சி.எல்.ஏ. அங்கே க்ளைன்ராக்கின் ஆய்வகத்தில் 1969-ல் அர்பாநெட்டின் முதல் கணு வந்து இறங்கியபோது இவரும் மாணவராக இருந்தார். க்ராக்கர் தொடங்கிய ஆர்.எஃப்.சி. குறிப்புகளைத் தொகுக்கும் வேலை இவர் கைக்கு வந்தது. எந்த எண் எதற்கு என்று பதிவு வைக்கும் வேலையும் கூடவே வந்தது. இரண்டையும் சாகும்வரை விடவில்லை. நீண்ட தாடி, காலில் செருப்பு, இதுதான் ஆளோட அடையாளம். நம்ம ஃபயர்வாலில் திறந்துவிடச் சொல்லி அட்மின்கிட்ட கெஞ்சுற 25-ஆம் போர்ட்டும் அவருடைய அந்தப் பதிவேட்டில் இருந்த ஒரு எண்தான்.

1974-ல் பி.எச்.டி. 1977-ல் மரீனா டெல் ரேயில் இருந்த ஐ.எஸ்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது மெயிலுக்கென்று தனி நெறிமுறை கிடையாது. கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.யின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்தது. அடியில் இருந்த என்.சி.பி.யை எடுத்துவிட்டு டி.சி.பி. கொண்டுவர முடிவாகியிருந்தது. எல்லா இடமும் ஒரே நாளில் மாறாது. பழைய பக்கம் இருப்பவரும் புதிய பக்கம் இருப்பவரும் நடுவில் உள்ள காலத்தில் எப்படி மெயில் அனுப்பிக்கொள்வது? 1980 செப்டம்பரில் போஸ்டலும் செர்ஃபும் சேர்ந்து இதற்கு ஒரு திட்டம் எழுதினார்கள். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த சில கணினிகள் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும். அதே மாதம் சூசன் ஸ்லூய்சருடன் சேர்ந்து மெயிலுக்கான தனி நெறிமுறையையும் வெளியிட்டார். அதைச் செதுக்கிச் செதுக்கி, 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 ஆக எஸ்.எம்.டி.பி. வந்தது. 1983 ஜனவரி 1-ல் அர்பாநெட் டி.சி.பி.க்கு மாறியது.

அந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்த விஷயம் பொறுப்பு கைமாறும் விதம். மெயிலின் கடைசியில் தனியாக ஒரு புள்ளி வந்ததும் சர்வர் 250 சொல்லிவிட்டால், அதன்பிறகு அந்தக் கடிதம் அதன் பொறுப்பு. ஒன்று சேர்க்கணும், இல்லை சேர்க்க முடியலைன்னு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லணும். கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தலையில் ஒரு முத்திரை வரி குத்தணும்.

லேப்ல இது புரிஞ்சது பெயர்ப் பிழையோட ஒரு மெயில் போட்டப்போதான். தெரியாத பெயரை வெளி ஹோஸ்டிங்குக்குத் தள்ளுன்னு நம்ம சர்வர்ல எழுதியிருந்தோம். தெரியாத பெயரை லேப்புக்குத் தள்ளுன்னு அங்கேயும் எழுதியிருந்தோம். கடிதம் பந்து மாதிரி அங்கேயும் இங்கேயும் போய்க்கிட்டே இருந்தது. முத்திரை வரிகள் எக்கச்சக்கமா சேர்ந்த பிறகுதான் சர்வர் எண்ணிப் பார்த்து நிறுத்தியது. ஏதாவது ஒரு பக்கத்திடம் முழுப் பெயர்ப் பட்டியல் இருந்தே ஆகணும். எம்.எக்ஸ்.ல 10, 20ன்னு ரெண்டு சர்வரையும் போட்டா ஆட்கள் பிரிஞ்சிடுவாங்கன்னு நினைக்காதீங்க. அது முதல் சர்வர் படுத்தா அடுத்ததுகிட்ட போறதுக்கு மட்டும்தான்.

போஸ்டல் இந்த நடுவில் நிற்கும் வேலையை ஏட்டோடு விடவில்லை. எம்.சி.ஐ. மெயில், டெலிமெயில், டயல்காம் என்று எண்பதுகளில் காசுக்கு மெயில் பெட்டி தரும் நிறுவனங்கள் இருந்தன. இன்டர்நெட்டோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. ஐ.எஸ்.ஐ.யில் இன்டர்மெயில் என்று ஒரு சேவை ஓடியது. அதன் பெட்டிக்கு எழுதி, கடிதத்தின் முதல் வரிகளில் எந்த நிறுவனம், யாருக்கு என்று குறிப்பிட்டால், அது எடுத்துப்போய் அந்தப் பக்கம் போடும். ஆராய்ச்சி தொடர்பானவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. 1990-ல் சக ஊழியர்களுடன் சேர்ந்து இதை ஆர்.எஃப்.சி. 1168 ஆகப் பதிவு செய்தார்.

ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேண்டாத மெயில் வந்து குவியும் சிக்கலைப் பற்றி 1975-லேயே குறிப்பு எழுதியவர் இவர். ஆனால் 821-ல் அனுப்புகிறவர் அவர்தானா என்று சோதிக்க வழியே இல்லை. எல்லாரும் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு வட்டியும் முதலுமாக இன்று நாம் கட்டுகிறோம். வெளியாருக்கெல்லாம் மெயில் கடத்திக் கொடுக்கும் சர்வரை உடனே பிளாக்லிஸ்டில் போடுகிறார்கள். எஸ்.பி.எஃப். பதிவில் ஹோஸ்டிங்கோட முகவரியை மட்டும் எழுதி லேப் சர்வரை மறந்தால், சொந்த டொமைன் மெயிலே ஸ்பாமுக்குப் போகுது.

அவர் வாழ்க்கையும் அதே நம்பிக்கையில்தான் ஓடியது. எண்களையும் பெயர்களையும் ஒரு தனி மனிதர் கவனிப்பது இணையம் பணமானபோது பலருக்கு உறுத்தியது. 1998 ஜனவரியில் எட்டு ரூட் சர்வர்களை நடத்தியவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பி, இனி மூலப் பதிவைத் தன் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னார். அவர்களும் எடுத்தார்கள். வாஷிங்டனிலிருந்து எதிர்ப்பு வந்தது. சோதனைதான் என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார்.

1991-லேயே இதய வால்வு மாற்றியிருந்தார்கள். மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதன் பின் 1998 அக்டோபர் 16-ல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார், வயது 55. விண்ட் செர்ஃப் எழுதிய அஞ்சலி ஆர்.எஃப்.சி. வரிசையிலேயே வெளியானது, எண் 2468.