ஆர். முத்தையா

ஆர். முத்தையா (பிறப்பு: 1886) தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர். யாழ்ப்பாணம், சுண்டிக்குளியில் பிறந்த இவர் 1907 ஆம் ஆண்டில் மலாயா சென்று, பின்னர் சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் பணியாற்றினார். 247 தமிழ் எழுத்துகளையும் ஆங்கிலப் பொறியின் விசையளவில் அடக்குவதே இவர் எதிர்கொண்ட சிக்கலாகும்.

நகரா விசை

புள்ளி முதலிய மேற்குறிகளுக்கு, அழுத்தினாலும் தாளை நகர்த்தாத விசைகளை இவர் அமைத்தார். முதலில் குறியையும் அடுத்து எழுத்தையும் அடித்தால் இரண்டும் ஓரிடத்தில் பதியும். வரிசை மாறினால், 'பக்கம்' என்பதில் முதல் ககரத்தின் புள்ளி இரண்டாம் ககரத்தின்மேல் ஏறிப் பிழையாகும். சேலம், நாமக்கல் உள்ளிட்ட ஊர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்றோரும் இவ்வரிசையையே பழகினர்.

தயாரிப்பு

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இவரது பொறிகள் செருமனியில் செய்விக்கப்பட்டன.