ஆயிஷா பின்த் அபூபக்கர்

ஆயிஷா பின்த் அபூபக்கர் (இறப்பு: கி.பி. 678) முகம்மது நபியின் மனைவியருள் ஒருவர், முதல் கலீபா அபூபக்கரின் மகள். சுன்னி இசுலாமிய மரபில் இவர் வழியாக 2,210 நபிமொழிகள் அறிவிக்கப்பட்டுள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. பெண்களின் மாதவிடாய், தூய்மை, நோன்பு ஆகியன பற்றிய சட்டங்கள் பல இவருடைய அறிவிப்புகளை அடிப்படையாகக் கொண்டவை.

வாழ்க்கை

ஆயிஷா மக்காவில் பிறந்தார். தாயார் பெயர் உம்மு ரூமான். 622 இல் முசுலிம்கள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பின் இவரும் அங்கு வாழ்ந்தார். இவருடைய அறை மதீனாப் பள்ளிவாசலை ஒட்டி அமைந்திருந்தது. 632 இல் நபி அவ்வறையிலேயே காலமானார்.

மாதவிடாய் பற்றிய அறிவிப்புகள்

மாதவிடாய்க் காலத்தில் பெண்ணை வீட்டிலிருந்து விலக்கும் வழக்கத்தை நபி ஏற்கவில்லை என்பதை ஆயிஷா தம் வாழ்விலிருந்தே எடுத்துரைத்தார். அந்நாட்களில் தாம் அருந்திய பாத்திரத்திலேயே நபி அருந்தியதையும், பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நபியின் தலையைத் தாம் வாரிவிட்டதையும் அவர் அறிவித்துள்ளார்.

632 இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின்போது மக்காவுக்கு அருகிலுள்ள சரிஃப் என்னும் இடத்தில் அவருக்கு மாதவிடாய் ஏற்பட்டது. ஹஜ் வீணாகிவிடுமோ என்று அவர் அழுதார். கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபைத் தவிர மற்ற கடமைகளை நிறைவேற்றுமாறு நபி அவருக்கு அறிவுறுத்தினார். ஹஜ்ஜுப் பெண்களுக்கான விதி இதனின்று பெறப்பட்டது.

நோன்பும் தொழுகையும்

மாதவிடாயில் விடுபட்ட நோன்பைப் பெண் பின்னர் நோற்க வேண்டியிருக்க, விடுபட்ட தொழுகையை ஏன் ஈடுசெய்ய வேண்டியதில்லை என்று பசுராவைச் சேர்ந்த முஆதா என்ற பெண் ஆயிஷாவிடம் வினவினார். தொழுகையையும் ஈடுசெய்ய வேண்டும் என்று காரிஜிய்யாக்களுள் சிலர் கூறிவந்தமையால், கேட்டவர் அப்பிரிவைச் சேர்ந்தவரோ என்று ஆயிஷா முதலில் ஐயுற்றார். பின்னர், நபி காலத்தில் நோன்பை ஈடுசெய்யுமாறு மட்டுமே தாங்கள் பணிக்கப்பட்டதாக விளக்கினார். தொழுகை நாள்தோறும் ஐந்து வேளை வருவதால் ஈடுசெய்வது பெருஞ்சுமையாகும் என்றும், ரமலான் நோன்பு ஆண்டுக்கு ஒருமுறையே வருவது என்றும் பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதற்குக் காரணம் கூறினர்.

தமக்கு விடுபட்ட ரமலான் நோன்புகளை அடுத்த ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்திலேயே நோற்க முடிந்ததாகவும் அவர் அறிவித்துள்ளார். உடனே நோற்க இயலாதவர் அதுவரை தாமதிக்கலாம் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஆசிரியப் பணி

மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்டதா என அறியப் பெண்கள் பஞ்சைச் சிறு பெட்டியில் வைத்து இவரிடம் அனுப்பினர். வெண்ணிறக் கசிவைக் காணும்வரை அவசரப்பட வேண்டாம் என்று இவர் கூறியனுப்பினார். கடமைக் குளியலின்போது பெண்கள் பின்னலை அவிழ்க்க வேண்டும் என்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரின் கருத்தையும் இவர் மறுத்தார். மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாக இருக்கக்கூடாது என்பது இவர் நிலைப்பாடு. அவ்வகையில் மதீனாவின் அன்சாரிப் பெண்களைப் பாராட்டினார். உர்வா இப்னு சுபைர், அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான் ஆகியோர் இவருடைய மாணாக்கருள் குறிப்பிடத்தக்கவர்கள்.

இறுதிக்காலம்

656 இல் பசுராவுக்கு அருகே கலீபா அலியின் படைக்கு எதிராக நடந்த ஒட்டகப் போரில் ஆயிஷாவின் தரப்பு தோல்வியுற்றது. அதன்பின் மதீனா திரும்பி, கற்பிப்பதில் ஈடுபட்டார். 678 ரமலான் மாதத்தில் காலமான இவர், ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.