பெருங்குடலைப் பகைத்த மருத்துவர்

கடந்த ஆண்டு ஜொகூர் பாருவில் என் பெரியப்பாவின் பெருங்குடலை அறுவை சிகிச்சை செய்து முழுதாக எடுத்துவிட்டார்கள். குடல் முழுக்கப் புண். எத்தனையோ ஆண்டு மருந்து சாப்பிட்டும் ஆறவில்லை. குடல் இல்லாமல் மனிதன் எப்படி வாழ்வது என்று பெரியம்மா அழுதார். வயிற்றோரம் ஒரு பையுடன் வீடு திரும்பிய பெரியப்பா, இப்போது காலையில் பசியாறக் கடைக்குத் தானே நடந்து போகிறார்.

இந்த அறுவை சிகிச்சையின் கதையைத் தேடியபோதுதான் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற பெயரைக் கண்டேன்.

இராணுவ மருத்துவரின் மகனான லேன், 1856ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். 16 வயதில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, அங்கேயே புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார். உடைந்த எலும்பை எஃகுத் தகடும் திருகாணியும் வைத்து இணைத்தார். உடம்புக்குள் உலோகம் வைத்தால் சீழ் பிடிக்கும் என்று மற்றவர்கள் அஞ்சிய காலம் அது. லேன் நீண்ட பிடியுள்ள கருவிகளைக் கொண்டு, காயத்தில் விரலே படாமல் வேலை செய்தார். பென்சிலின் இல்லாத நாளில் அது பெரிய சாதனை.

அந்தக் கைத்திறன்தான் அவருக்குத் துணிச்சலையும் கொடுத்தது. மலம் பெருங்குடலில் தேங்கினால் விஷம் இரத்தத்தில் கலந்து பல நோய்களை உண்டாக்கும் என்று அவர் நம்பினார். அவர் மட்டுமல்ல, 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃபும் பெருங்குடலை வேண்டாத உறுப்பாகவே கருதினார். ஆனால் அவர் தயிர் சாப்பிடச் சொன்னார், லேன் கத்தியை எடுத்தார். தீராத மலச்சிக்கல், சோர்வு என்று வந்தவர்களின் பெருங்குடலை நீக்கி, சிறுகுடலை மலக்குடலுடன் இணைத்தார். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிலர் பிழைக்கவில்லை. அவர்களை நினைக்கும்போது எனக்கு லேன் மேல் கோபம் வருகிறது.

1913இல் லண்டன் மருத்துவர்கள் கூடி இதைப் பற்றிக் கடுமையாக விவாதித்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் நல்ல உடல்நலமுள்ளவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார்கள். அதே தலைவலி, அதே சோர்வு! பஞ்சில் ஏது விஷம்?

லேனும் மெல்ல மெல்லக் கத்தியிலிருந்து உணவுக்கு மாறினார். 1925இல் புதிய நலவாழ்வுச் சங்கத்தைத் தொடங்கி, தவிடு நீக்காத ரொட்டி, காய்கறி, பழம், வெயில், உடற்பயிற்சி என்று பொதுமக்களிடம் பேசத் தொடங்கினார். மருத்துவர்கள் அப்படிப் பேசுவதை விளம்பரமாகப் பார்த்த காலம். 1933இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து தம் பெயரைத் தாமே நீக்கிக்கொண்டார். 1943இல், 86 வயதில் காலமானார்.

ஆறாத குடல்புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் இன்று அந்த உறுப்பை எடுக்கிறார்கள். அது வேண்டாத உறுப்பு என்று இப்போது எந்த மருத்துவரும் சொல்வதில்லை. உணவுச் சக்கையிலிருந்து தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது அதுதான். பெரியப்பா வெயிலில் நடந்து வந்தால், பெரியம்மா முதலில் நீட்டுவது உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைத்தான்.