இரைப்பையினுள் கண்ட மருத்துவர்

நாம் உண்ணும் உணவு தொண்டையைக் கடந்து இரைப்பையை அடைந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பது நெடுங்காலம் புலப்படாத மறைபொருளாகவே இருந்தது. உணவு அங்கே அரைக்கப்படுகிறது என்றனர் சிலர். உடற்சூட்டினால் வேகிறது என்றனர் சிலர். மா புளிப்பது போலப் புளித்துக் கரைகிறது என்றனர் வேறு சிலர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு ரேமூர் ஒரு பருந்தைக் கொண்டும், இத்தாலிய நாட்டு ஸ்பல்லன்சானி துணிப்பையில் உணவை இட்டுத் தாமே விழுங்கியும் ஆராய்ந்தனர். இரைப்பையில் ஊறும் ஒருவகை நீரே உணவைக் கரைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆயினும் அறிஞர் பலருக்கு ஐயம் தீரவில்லை. உயிருள்ள மனிதனின் இரைப்பை தன் தொழிலைப் புரிவதைக் கண்ணாரக் காண்பது எங்ஙனம்? அவ்வரிய வாய்ப்பு, மருத்துவக் கல்லூரியில் பயிலாத ஒரு படை மருத்துவருக்கு, எல்லைப்புறக் கோட்டை ஒன்றில் கிட்டியது.

அவர் பெயர் வில்லியம் போமாண்ட். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கனெக்டிகட் மாநிலத்தில், லெபனான் என்னும் ஊரில், 1785ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் ஓர் உழவர் குடியில் பிறந்தார். உழுதொழிலில் அவர் உள்ளம் செல்லவில்லை. இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அப்பொழுதே மருத்துவ நூல்களை இரவல் பெற்றுக் கற்றார். பின்னர் வெர்மான்ட் மாநிலத்தில் மருத்துவர் ஒருவரிடம் மாணாக்கராக அமர்ந்து தொழில் பயின்று, 1812இல் மருத்துவம் செய்யும் உரிமை பெற்றார். அவ்வாண்டே பிரிட்டனுடன் போர் மூண்டது. போமாண்ட் படையிற் சேர்ந்து, புண்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1820இல் மாக்கினாக் தீவிலிருந்த கோட்டைக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். ஹூரான் ஏரியில் அமைந்த அத்தீவு, விலங்குகளின் தோல்களை வாங்கி விற்கும் வாணிகர்கள் கூடும் இடம்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அங்கிருந்த வாணிகக் கடை ஒன்றில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடா நாட்டுப் படகோட்டி இடப்பக்கத்தில் குண்டுபட்டு வீழ்ந்தார். அப்பொழுது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். போமாண்ட் விரைந்து வந்து பார்த்தபொழுது, விலா எலும்புகள் முறிந்திருந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கியிருந்தது. இரைப்பையில் விழுந்த துளை வழியாகக் காலையில் உண்ட உணவு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் பிழைப்பார் என்று மருத்துவர் நம்பவில்லை. ஆயினும் காயத்தைத் தூய்மை செய்து கட்டினார்.

மார்ட்டின் பிழைத்தார். முதல் 17 நாட்கள் அவர் உண்டதெல்லாம் துளை வழியே வெளியேறிற்று. நாளடைவில் புண் ஆறியது. துளை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு வெளித்தோலுடன் ஒட்டி வளர்ந்துவிட்டமையால், விரல் நுழையும் அளவுள்ள வாயில் ஒன்று நிலைத்துவிட்டது. சில காலம் சென்றபின், இரைப்பையின் உட்சவ்வு மடிந்து அவ்வாயிலுக்கு ஒரு கதவு போல் அமைந்தது. விரலால் தள்ளினால் அக்கதவு திறக்கும்.

ஏழைப் படகோட்டிக்கு இனிப் பொருள் செலவிட இயலாது என்று ஊர் அதிகாரிகள் கைவிரித்தனர். போமாண்ட் அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று, தம் செலவிலேயே பேணினார். அவருடைய இரக்கத்தை ஐயுற வேண்டுவதில்லை. எனினும், ஒருவரும் பெறாத வாய்ப்பு ஒன்று தம் கைக்கு எட்டியிருப்பதையும் அவர் விரைவில் உணர்ந்துகொண்டார்.

1825ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், நண்பகல் 12 மணிக்கு முதற் சோதனை நடைபெற்றது. இறைச்சித் துண்டுகள் சில, பழைய ரொட்டி, நறுக்கிய முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டு நூலிற் கட்டித் துளை வழியே இரைப்பையினுள் இறக்கினார் போமாண்ட். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்க்கையில், ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி மாறவில்லை. அடுத்த மணியில் வேகவைத்த இறைச்சியும் நூலில் இல்லை. உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மார்ட்டினுக்கு வயிற்றில் துன்பம் உண்டாயிற்று.

சில நாட்களில் மற்றொரு சோதனை செய்தார். இரைப்பையின் வெப்பம் பாரன்ஹீட் அளவில் 100 பாகை என்று வெப்பமானி காட்டியது. இரைப்பைநீரைக் குழாய் வழியே எடுத்துச் சிறு குப்பியில் ஊற்றி, அதில் வெந்த இறைச்சித் துண்டு ஒன்றை இட்டு, அதே வெப்பமுள்ள நீரில் வைத்தார். அத்தகைய துண்டு ஒன்று இரைப்பையினுள்ளும் தொங்கியது. உள்ளிருந்தது இரண்டு மணி நேரத்திற் கரைந்தது. குப்பியிலிருந்ததற்குப் பத்து மணி நேரம் ஆயிற்று. கரைந்தது மெதுவாயினும், கரைந்தது உண்மை. அரைக்கும் தசை எதுவும் குப்பியில் இல்லை. உணவு சீரணமாவது வேதியியல் முறையிலேயே என்பது இதனால் உறுதிப்பட்டது. குளிர்ந்த நிலையில் அந்நீர் உணவைக் கரைக்கவில்லை என்பதையும் பிற்பாடு கண்டார்.

போமாண்டின் கண் கூர்மையானது. உணவின்றி இருக்கும் இரைப்பை வெளிறிய செந்நிறத்துடன், வெல்வெட்டுப் போல் மென்மையாய், வழுவழுப்பான கோழை படர்ந்து விளங்குவதைக் கண்டார். அந்நிலையில் அதைத் தம் நாவினாலேயே தொட்டுச் சுவைத்தார், புளிப்பு இல்லை. உணவு பட்டவுடனே நுண்ணிய துளிகள் அரும்பின. அவை கோழையை ஊடுருவி வெளிவந்து பரவியதும் புளிப்புத் தோன்றிற்று. எனவே, கோழை வேறு, இரைப்பைநீர் வேறு என்று தெளிந்தார். மார்ட்டின் சினங்கொண்டாலும் காய்ச்சலுற்றாலும் சுரப்புக் குறைவதையும், மிகுதியாகக் குடித்தபின் இரைப்பையின் உட்புறம் சிவந்து புண்படுவதையும் குறித்து வைத்தார். வயிறு நோவதற்கு முன்பே அதன் உட்புறம் கேடுறலாம் என்பது அன்றைய மருத்துவர்களுக்குப் புதிய செய்தி.

சோதிக்கப்பட்டவரின் நிலை என்ன? பட்டினி கிடந்து, மணிக்கணக்கில் அசையாது படுத்து, வயிற்றினுள் குழாயையும் நூலையும் தாங்கினார் மார்ட்டின். மற்ற நேரங்களில் மருத்துவர் வீட்டில் விறகு பிளந்தார். 1825இலேயே சொல்லாமற் கொள்ளாமல் கனடாவிற்குச் சென்றுவிட்டார். அங்கே திருமணம் செய்துகொண்டார். 1829இல் மனைவி மக்களுடன் மீண்டும் வந்தார். 1831இல் திரும்பிச் சென்றார். 1832இல் ஆண்டுக்கு 150 டாலரும் உணவும் உடையும் உறையுளும் என்று ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. எழுத்தறியாத மார்ட்டின் அதில் கீறலிட்டார். அறிவியலுக்கு அவர் அளித்ததை நோக்க, அத்தொகை மிகச் சிறிதே.

போமாண்ட் தம் சோதனைகளையும், அவற்றிலிருந்து பெற்ற 51 முடிபுகளையும் 1833இல் நூலாக வெளியிட்டார். பேராசிரியர்களான டங்கிளிசனும் சில்லிமனும் அவர் அனுப்பிய இரைப்பைநீரைப் பகுத்து, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் கண்டனர். 1824இலேயே ஆங்கில அறிஞர் பிரௌட் விலங்குகளின் இரைப்பையில் அதைக் கண்டிருந்தார். ஆனால் அமிலத்தை மட்டும் கொண்டு இரைப்பைநீரின் ஆற்றலைப் பெற முடியவில்லை. வேறொரு பொருளும் அதில் இருத்தல் வேண்டும். 1836இல் ஜெர்மானியரான சுவான் அதைக் கண்டறிந்து பெப்சின் என்று பெயரிட்டார்.

பெப்சின் ஒரு நொதி. இறைச்சி, பருப்பு முதலியவற்றிலுள்ள புரதத்தைச் சிறு சிறு கூறுகளாக வெட்டுகிறது. அது செயலற்ற வடிவிலேயே சுரக்கிறது. அமிலம் பட்ட பின்னரே கூர்மை பெறுகிறது. அமிலம் புரதத்தின் மடிப்புகளைக் குலைத்து நொதிக்கு வழி செய்வதோடு, உணவுடன் வரும் கிருமிகள் பலவற்றையும் கொல்கிறது. இறைச்சியைக் கரைக்கும் இந்நீர் இரைப்பையையே கரைத்துவிடாதோ எனில், அங்கேதான் கோழையின் பணி விளங்குகிறது. கோழைப் படலத்தினுள் சுரக்கும் பைகார்பனேட், அமிலத்தை இரைப்பையின் சுவரை நெருங்கவிடாது முறிக்கிறது. சுவரின் மேலுள்ள உயிரணுக்களும் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. இக்காவல் தளரும் இடத்திற் குடற்புண் உண்டாகும்.

1834இல் கனடாவிற்குச் சென்ற மார்ட்டின் பின்னர்த் திரும்பவேயில்லை. போமாண்ட் படையை விட்டு விலகி, செயின்ட் லூயி நகரில் மருத்துவம் செய்து வாழ்ந்தார். ஆண்டுதோறும் கடிதங்கள் எழுதினார். தம் மகனையே அனுப்பியும் அழைத்தார். பயனில்லை. 1853ஆம் ஆண்டு பனி உறைந்த படியில் வழுக்கி வீழ்ந்து, ஏப்ரல் 25ஆம் நாள் காலமானார்.

மூடாத துளையுடனேயே மார்ட்டின் மேலும் 27 ஆண்டுகள் வாழ்ந்து, 1880ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கியூபெக் மாகாணத்துச் செயின்ட் தாமஸ் என்னும் சிற்றூரில் இறந்தார். அவருடைய இரைப்பையை அருங்காட்சியகத்திற்குப் பெற மருத்துவர்கள் விரும்பினர். குடும்பத்தினர் இசையவில்லை. கோடை வெயிலில் உடல் அழியும்வரை சில நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்து, ஒருவரும் தோண்டி எடுக்காதவாறு எட்டு அடி ஆழத்திற் புதைத்தனர்.